ஹாக்கி ஆடுகள வன்முறையும் சட்டப் பொறுப்பும்

கேள்வியும் எல்லையும்

பசுவந்தனை, கயத்தாறு, கழுகுமலை போன்ற ஊர்களைத் தன்னைச் சுற்றிலும் கொண்ட கோவில்பட்டி, கரிசல் மண்ணுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்றது போலவே ஹாக்கிக்கும் பெயர்பெற்ற ஊர். கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ரயில்வே, வங்கி, காவல்துறை, எண்ணெய் நிறுவன அணிகள் வருகின்றன. இங்குள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்த்துவிடும் மானாவாரி வட்டாரத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியாகக் கிடைக்கும் ரயில்வே வேலையோ காவல்துறை வேலையோ ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடும் என்பதால், இங்கு மட்டை பிடிக்கும் சிறுவனின் கண்ணும் பல்லும் முழங்காலும் அந்தக் குடும்பத்தின் எதிர்கால வருவாயோடு பிணைந்தவை.

இந்தப் பின்னணியில் ஒரு கேள்வி எழுகிறது. ஆட்டத்தின்போது ஒருவர் மற்றொருவரை மட்டையாலோ கையாலோ தாக்கிக் காயப்படுத்தினால், அதற்கு யார், எந்தச் சட்டத்தின்கீழ், எந்த அளவுக்குப் பொறுப்பு? கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நீதிமன்றங்கள் இக்கேள்வியை எதிர்கொண்டுள்ளன. இந்தியாவில் புல்தரையிலும் செயற்கை இழையிலும் ஆடப்படும் ஹாக்கியில் இக்கேள்வி பெரும்பாலும் சங்கங்களின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களோடு நின்றுவிடுகிறது. குற்றவியல் சட்டம், இழப்பீட்டுச் சட்டம், சங்க ஒழுங்குமுறை ஆகிய மூன்று தளங்களிலும் இக்கேள்விக்கான விடைகளை இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது. சங்கத்தின் தடை ஆட்டத்தின் ஒழுங்கைக் காக்கிறது, குற்றவியல் தண்டனை பொது அமைதியைக் காக்கிறது, ஆனால் காயம்பட்ட வீரரைக் காக்கும் ஏற்பாடு இந்தியாவில் மிக மெலிந்தே இருக்கிறது என்பது இந்த ஆய்வின் முடிவு.

ஆட்டத்துக்குள் அடங்கும் ஆபத்து

வன்முறை எது என்று வரையறுப்பதற்கு முன், ஆட்டத்துக்கு இயல்பான ஆபத்து எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. மட்டையின் எடை 737 கிராமுக்கு மேற்படக் கூடாது. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் முறையில் சுழற்றி வீசப்படும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் பாய்கிறது. அதன் எதிரே ஓடிவரும் தடுப்பாட்டக்காரர் முகக்கவசம் அணிந்திருந்தாலும் முழங்காலிலோ விரலிலோ அடிபடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் ஒருவர் களத்தில் இறங்குகிறார்.

ஆயினும் ஐஸ் ஹாக்கிக்கும் இந்த ஹாக்கிக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உள்ளது. ஐஸ் ஹாக்கியில் ‘பக்’ எனப்படும் பந்துவட்டை வைத்திருப்பவரை உடலால் மோதித் தடுப்பது ஆட்ட விதியே அனுமதிக்கும் செயல். வட அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பான தேசிய ஹாக்கி லீக்கில், முஷ்டியால் அடித்துச் சண்டையிட்ட இருவரும் ஐந்து நிமிடம் வெளியே அமர்ந்துவிட்டு மீண்டும் ஆடலாம். இந்தியாவில் ஆடப்படும் ஹாக்கியிலோ உடல் மோதலே தவறு; எதிராளியைத் தொடாமல் பந்தை மட்டும் ஆடக்கூடிய நிலையில் இல்லாதவர் தடுப்பாட்டத்துக்கு முயலவே கூடாது. தவறின் தன்மைக்கேற்பப் பச்சை அட்டை இரண்டு நிமிட வெளியேற்றத்தையும், மஞ்சள் அட்டை குறைந்தது ஐந்து நிமிட வெளியேற்றத்தையும், சிவப்பு அட்டை அந்த ஆட்டத்திலிருந்து நிரந்தர வெளியேற்றத்தையும் தருகின்றன. அணித் தலைவர் தம் வீரர் அனைவரின் நடத்தைக்கும் பொறுப்பு என்று விதிநூல் கூறுகிறது. ஆட்டத்தில் பங்கேற்கும் எல்லோரும் பிறரின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு நடக்க வேண்டும் என்று அதன் தொடக்கப் பகுதியே வலியுறுத்துகிறது.

இந்த வேறுபாட்டுக்குச் சட்ட முக்கியத்துவம் உண்டு. வீரரின் இசைவு எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை நீதிமன்றங்கள் ஆட்டத்தின் விதிகளையும் வழக்கத்தையும் கொண்டே அளக்கின்றன. மோதலையே விதியாகக் கொண்ட ஓர் ஆட்டத்தில் அந்த இசைவு அகன்றும், மோதலை விலக்கிய ஓர் ஆட்டத்தில் குறுகியும் இருப்பது இயல்பு. எனவே கனடாவின் தீர்ப்புகளில் குற்றமாகக் கொள்ளப்பட்ட செயல் இந்திய ஹாக்கியில் இன்னும் தெளிவாகக் குற்றமாகும். அங்கே விடுவிக்கப்பட்ட செயல் இங்கும் விடுவிக்கப்படும் என்று கொள்ள இடமில்லை.

டெல்லியும் ஜம்ஷெட்பூரும்

2019 நவம்பர் 25 அன்று டெல்லியில் நடந்த ஜவஹர்லால் நேரு கோப்பை இறுதியாட்டம் இந்திய ஹாக்கியின் அண்மைக்கால நிகழ்வுகளில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக முன்வைத்தது. பஞ்சாப் காவல்துறை அணியும் பஞ்சாப் நேஷனல் வங்கி அணியும் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் இருந்தபோது, இரு அணி வீரர்களும் களத்திலேயே கையாலும் மட்டையாலும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். ஆட்டம் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. வங்கி அணி 6-3 என்று வென்றது. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு விளக்கம் கேட்டது. டிசம்பரில் தேசியச் சங்கமான ஹாக்கி இந்தியாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு 11 வீரர்களையும் அணி அலுவலர்கள் இருவரையும் இடைநீக்கம் செய்தது. அவற்றுள் நீண்டவை 18 மாதங்கள் வரை சென்றன.

மோதியவர்களுள் ஒரு தரப்பினர் சட்டம் ஒழுங்கைக் காக்கும் துறையின் ஊழியர்கள், மறு தரப்பினர் ஒரு பொதுத்துறை வங்கியின் ஊழியர்கள் என்பது இந்நிகழ்வின் தனித்தன்மை. அவர்கள் களத்தில் நின்றது பொழுதுபோக்குக்காக அன்று, தத்தம் நிறுவனத்தின் சீருடையில், அந்நிறுவனத்தின் பெயருக்காகவே. தொழில்முறை விளையாட்டு என்பதற்கு இந்தியாவில் பெரும்பாலும் இதுவே பொருள். 2013 முதல் 2017 வரை நடந்து, 2024 டிசம்பரில் தமிழ்நாடு டிராகன்ஸ் உள்ளிட்ட அணிகளோடு மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் போன்ற ஒப்பந்த அடிப்படையிலான போட்டி ஆண்டின் சில வாரங்களுக்கே உரியது. மற்ற நாள்களில் வீரர் ஒரு துறையின் ஊழியர்.

இதற்கு இணையான மற்றொரு நிகழ்வு கிரிக்கெட்டில் உண்டு. 1991 ஜனவரியில் ஜம்ஷெட்பூரில் நடந்த துலீப் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு மண்டலப் பந்துவீச்சாளர் ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வடக்கு மண்டல ஆட்டக்காரர் ராமன் லாம்பாவைத் துரத்தித் தாக்கினார். கிரிக்கெட் வாரியம் படேலுக்கு 13 மாதமும் லாம்பாவுக்கு 10 மாதமும் தடை விதித்தது. இரு நிகழ்வுகளிலும் மக்கள் நினைவில் நிற்பது சங்கம் அளித்த தடைக்காலமே. தெருவில் ஒருவர் மட்டையையோ ஸ்டம்பையோ ஓங்கியிருந்தால் காவல் நிலையம் வரை போயிருக்கும் செயல், கோடு போட்ட களத்துக்குள் நிகழ்ந்ததால் சங்கத்தின் உள் விவகாரமாகப் பார்க்கப்படுகிறது. இந்தப் பார்வைக்குச் சட்டத்தில் ஆதாரம் உண்டா என்பதே அடுத்து ஆராய வேண்டியது.

இசைவின் எல்லை: இந்தியக் குற்றவியல் சட்டம்

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு விளையாட்டுக் காயத்தை நேரடியாகத் தொட்டது. மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் எண்ணமும், அது விளையக்கூடும் என்ற அறிவும் இல்லாமல், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் இசைவோடு செய்யப்படும் செயல் அதனால் உண்டாகும் தீங்கைக் காரணமாகக் கொண்டு குற்றமாகாது என்பது அதன் சாரம். பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆட இசையும் இருவரை அப்பிரிவு எடுத்துக்காட்டாகத் தருகிறது. முறைகேடான ஆட்டம் இல்லாதவரையில் உண்டாகும் தீங்குக்கு இருவரும் இசைந்தவர்கள் என்றும், நேர்மையாக ஆடும்போது காயப்படுத்தியவர் குற்றம் செய்தவர் ஆகார் என்றும் அது விளக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே பிரிவு, இதே எடுத்துக்காட்டோடு 25ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

இப்பிரிவிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இசைவு முறையான ஆட்டத்துக்கு மட்டுமே. பந்து வேறிடத்தில் இருக்கும்போது முதுகில் விழும் அடிக்கோ, ஊதல் ஒலித்த பின் விழும் குத்துக்கோ யாரும் இசைவதில்லை. இரண்டாவது, முறையான ஆட்டத்துக்குள்ளும் கொடுங்காயம் விளையும் என்று தெரிந்தே செய்யப்படும் செயலுக்கு இசைவு காப்பாகாது. மூன்றாவது, இந்தக் காப்பு பதினெட்டு வயது நிறைந்தோரின் இசைவையே சார்ந்தது.

கொடுங்காயம் என்பது சட்டம் தனியாக வரையறுத்த ஒரு சொல். சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயமாகக் கொள்கிறது. கண் பார்வையோ காது கேட்கும் திறனோ நிரந்தரமாக இழத்தல், முகம் நிரந்தரமாகச் சிதைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது பிறழ்தல், பதினைந்து நாள்கள் கடும் வலியில் கிடத்தல் ஆகியவை அவற்றுள் சில. ஹாக்கிக் களத்தில் அடிக்கடி நிகழும் பல் முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. வேண்டுமென்றே சாதாரணக் காயம் விளைவித்தால் 115ஆம் பிரிவின்படி ஓராண்டு வரையும், கொடுங்காயம் விளைவித்தால் 117ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய கருவியால் காயப்படுத்தியவருக்கு 118ஆம் பிரிவு இன்னும் கடுமையான தண்டனையைத் தருகிறது. ஒரு பொருள் அத்தகைய ஆயுதமா என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று, கல்லால் தாக்கிய ஒரு வழக்கில், மத்தாயி எதிர் கேரள அரசு என்ற 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அளவுகோலின்படி, பந்தைத் தள்ளும்போது விளையாட்டுக் கருவியாக இருக்கும் மட்டை, தலையை நோக்கி ஓங்கப்படும்போது ஆயுதமாகக் கருதப்படலாம்.

எண்ணமில்லாத அசட்டைக்கு வேறு பிரிவு உண்டு. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி பொறுப்பின்றிச் செயல்பட்டுக் காயம் விளைவிப்பது 125ஆம் பிரிவிலும், மரணம் விளைவிப்பது 106ஆம் பிரிவிலும் குற்றம். மறுபுறம், சட்டத்துக்கு உட்பட்ட செயலை உரிய கவனத்தோடு செய்யும்போது எண்ணமோ அறிவோ இன்றி நேரும் விபத்து 18ஆம் பிரிவின்படி குற்றமாகாது. எனவே தவறி உயர்ந்த பந்தும், வேண்டுமென்றே ஓங்கிய மட்டையும், இவ்விரண்டுக்கும் இடையே ஆத்திரத்தில் கட்டுப்பாடின்றிச் சுழற்றிய மட்டையும் வெவ்வேறு சட்ட விளைவுகளைக் கொண்டவை. விளையாட்டு என்பதற்காகவே காவல்துறை தலையிடக் கூடாது என்று எந்தப் பிரிவும் கூறவில்லை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்

கரிசல் வட்டார ஹாக்கியைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக இன்றியமையாத பகுதி இதுவே. பள்ளி அணிகளிலும் விளையாட்டு விடுதிகளிலும் ஆடுவோர் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். 25ஆம் பிரிவின் இசைவுக் காப்பு அவர்களின் இசைவைப் பொறுத்தவரை எழுவதில்லை. இதனால் பள்ளி ஆட்டத்தின் ஒவ்வொரு காயமும் குற்றமாகிவிடும் என்று பொருள் கொள்ளலாகாது. எண்ணமும் அறிவும் இல்லாத இடத்தில் 115ஆம் பிரிவே பொருந்தாது. விபத்துக்கான 18ஆம் பிரிவும், அற்பத் தீங்குக்கான 33ஆம் பிரிவும் துணை நிற்கும். ஒருவரின் நன்மைக்காக அவர் இசைவோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலைக் காக்கும் 26ஆம் பிரிவு பதினெட்டு வயது வரம்பைக் கூறவில்லை. ஆயினும் வயது வந்த இரு வீரர்களுக்கிடையே இசைவு தரும் அகன்ற காப்பு, பதினைந்து வயதுச் சிறுவனைக் காயப்படுத்தியவருக்கு அப்படியே கிடைக்காது. வயது வந்தோரும் சிறுவரும் கலந்து ஆடும் உள்ளூர்ப் போட்டிகளில் இது கவனத்துக்குரியது.

காயப்படுத்தியவரே சிறுவராக இருந்தால், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி விவகாரம் இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்கே செல்லும். நோக்கம் தண்டிப்பதன்று, திருத்துவது. சிறுவர் ஆடும் களத்தில் கட்டுப்பாடு தவறினால் அதற்கு முதன்மையாகப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் பயிற்றுநர், நடுவர், பள்ளி, போட்டி நடத்துவோர் ஆகிய பெரியவர்களே என்ற கருத்துக்கு இச்சட்டம் வலுவூட்டுகிறது.

போட்டியில் சேரும்போது ஏற்படும் காயத்துக்குத் தாமே பொறுப்பு என்று எழுதி வாங்கப்படும் ஒப்புதல் படிவங்களின் வலிமையையும் இங்கே எடைபோட வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்பது மோகரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் என்ற வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் உறுதி செய்த விதி. எனவே சிறுவரின் கையெழுத்தைக் காட்டிப் போட்டி நடத்துவோர் விலகிக்கொள்ள முடியாது. காலவரையறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் வயது வந்த பிறகும் வழக்குத் தொடர இடமளிக்கிறது. பதினைந்து வயதில் கண்ணை இழந்தவரின் கோரிக்கை, நடத்துவோர் அதை மறந்துபோன பின்னரும் உயிரோடு இருக்கிறது.

கனடாவின் நூறாண்டு அனுபவம்

ஐஸ் ஹாக்கி வழக்குகளின் வரலாறு மரணத்தோடு தொடங்குகிறது. 1905 பிப்ரவரியில் ஒண்டாரியோ மாநிலத்தின் மேக்ஸ்வில் ஊரில் ஆலன் லோனி மட்டையால் அடித்ததில் அல்சிட் லோரின் இறந்தார். கொலைக் குற்றச்சாட்டு பின்னர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. நடுவர் குழாம் லோனியை விடுவித்தது. இரண்டாண்டுகளில் கார்ன்வாலில் நிகழ்ந்த மற்றொரு மரணத்திலும் விடுதலையே முடிவாயிற்று.

1969 செப்டம்பரில் ஒட்டாவாவில் நடந்த ஒரு பயிற்சியாட்டத்தில் வெயின் மாக்கியும் டெட் கிரீனும் மட்டைகளால் தாக்கிக்கொண்டனர். கிரீனின் மண்டையோடு உடைந்தது. இருவர் மீதும் தனித்தனியே வழக்குத் தொடரப்பட்டு, இருவரும் விடுவிக்கப்பட்டனர். எனினும் தொழில்முறைக் களம் குற்றவியல் சட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதை அவ்வழக்குகள் நிலைநாட்டின. 1975இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹென்றி பூஷாவைத் தாக்கிய டேவ் ஃபோர்ப்ஸின் வழக்கில் நடுவர் குழாம் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் போக, மறு விசாரணை நடக்கவில்லை. 1988இல் டினோ சிக்கரெல்லி எதிராளியை மட்டையால் அடித்ததற்காக ஒருநாள் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் பெற்றார்.

அளவுகோலைத் தெளிவாக்கியது 1989இல் சஸ்காட்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய சே வழக்கின் தீர்ப்பு. ஆட்டம் எந்தச் சூழலில் நடந்தது, செயலின் தன்மை என்ன, எவ்வளவு வலிமை பயன்பட்டது, காயத்தின் அபாயம் எவ்வளவு, செய்தவரின் மனநிலை என்ன என்பவற்றைக் கொண்டு, அச்செயல் வீரர்கள் மறைமுகமாக இசைந்த எல்லைக்குள் உள்ளதா என்று காண வேண்டும் என்று அது வகுத்தது. ஆட்டத்தில் வழக்கமாக நடப்பது என்பதாலேயே ஒரு செயல் காப்புப் பெறாது. அதன் அபாயம் அளவு மீறினால் இசைவு அதைத் தாங்காது என்பது இத்தீர்ப்பின் பயன்.

2000 பிப்ரவரியில் வான்கூவரில் மார்ட்டி மெக்சார்லி, ஆட்டம் முடிய மூன்று நொடிகளே இருந்தபோது, டொனால்ட் பிரஷியரின் தலைப்பக்கத்தில் மட்டையால் அடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஆயுதத்தால் தாக்கிய குற்றம் உறுதியானது. ஆனால் 18 மாத நிபந்தனை விடுவிப்பே கிடைத்தது. நிபந்தனைகளை மீறாமலிருந்தால் தண்டனைப் பதிவு நிற்காது என்பது அதன் பொருள். 2004 மார்ச்சில் அதே நகரில் டாட் பெர்டூசி பின்னாலிருந்து தாக்கியதில் ஸ்டீவ் மூரின் கழுத்தெலும்புகள் முறிந்தன. பெர்டூசி குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூகப் பணியும் பெற்றார். மூர் மீண்டும் தொழில்முறையில் ஆடவே இல்லை. மூரின் இழப்பீட்டு வழக்கு 2014இல் விசாரணை தொடங்கும் தறுவாயில்தான் சமரசத்தில் முடிந்தது. தம்முடைய பயிற்றுநரும் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்று அவ்வழக்கின் ஒரு கட்டத்தில் பெர்டூசி தரப்பு வாதிட்டது.

குற்றவியல் நீதிமன்றத்தில் நிரூபணம் அரிது, நிரூபணமானாலும் தண்டனை மெல்லியது, காயம்பட்டவருக்கு அதனால் கிடைப்பது ஏதுமில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் நிலை. பெர்டூசி சில மாதங்களில் குற்றவியல் வழக்கை முடித்துக்கொண்டு மீண்டும் களத்துக்குத் திரும்பினார். மூர் பத்தாண்டுகள் காத்திருந்தார்.

இழப்பீட்டுச் சட்டம்: வீரர், அணி, நடுவர்

பிறருக்குத் தீங்கு விளைவித்தவர் பணத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று கூறும் உரிமையியல் பகுதி தீங்கியல் சட்டம் எனப்படுகிறது. இந்தியாவில் அது தொகுக்கப்பட்ட சட்டமாக இல்லாமல், ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைத் தழுவி வளர்ந்தது. ஆகவே இங்கிலாந்தின் தீர்ப்புகள் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வழிகாட்டத் தக்கவை.

1985இல் காண்டன் எதிர் பாசி என்ற வழக்கில், உள்ளூர்க் கால்பந்தாட்டத்தில் முறைகேடாகத் தடுத்து எதிராளியின் காலை முறித்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டத்தின் சூழலுக்கேற்ற நியாயமான கவனத்தை ஒவ்வொரு வீரரும் மற்றவருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது அதன் அடிப்படை. 2004இல் பார்ன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், சங்க ஒழுங்குமுறையும் உரிமையியல் வழக்கும் இருப்பதால், போதிய அளவு கடுமையான செயல்களுக்கே குற்றவியல் வழக்கு உரியது என்றது. இங்கிலாந்தின் இந்த ஒதுங்கல், இழப்பீட்டு வழி அங்கே உண்மையில் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுந்தது. அந்த வழி அடைபட்ட நாட்டில் அதே ஒதுங்கலைப் பின்பற்றினால் காயம்பட்டவருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

2008இல் கிராவில் எதிர் கேரல் என்ற ரக்பி வழக்கு அணியின் பொறுப்பை நிறுவியது. பகுதிநேர ஊதியத்துக்கு ஆடிய ஒருவர் எதிராளியின் முகத்தில் குத்தியதற்கு, அவரைப் பணியமர்த்திய ரெட்ருத் சங்கமும் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. ஆத்திர மோதல் அத்தகைய ஆட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியது. அதனால் பயன்பெறும் சங்கம் அதைத் தடுக்கவும் ஈடுசெய்யவும் வேண்டும் என்பது அதன் நியாயம். ஊழியர் பணியின்போது செய்த தீங்குக்கு முதலாளி பொறுப்பு என்ற இக்கோட்பாடு இந்திய நீதிமன்றங்களுக்கும் பழக்கமானது. வங்கிக்காகவோ ரயில்வேக்காகவோ ஆடுவதையே பணியாகக் கொண்ட ஒருவர் களத்தில் மட்டையை ஓங்கினால், அந்நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட இக்கோட்பாடு உறுதியான அடித்தளம் தருகிறது.

நடுவரின் பொறுப்பைத் தொட்டது 1996இல் முடிவான ஸ்மோல்டன் வழக்கு. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ரக்பி ஆட்டத்தில், இளையோர் பாதுகாப்புக்காக வகுத்த விதிகளை நடுவர் நடைமுறைப்படுத்தத் தவறியதால் ஒரு வீரரின் உடல் செயலிழந்தது. நடுவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பானார். ஆபத்தான மட்டை வீச்சைக் கண்டும் அட்டை காட்டாமல் விடும் நடுவருக்கும், வெளிச்சமும் முதலுதவியும் இல்லாத மைதானத்தில் சிறுவரை ஆடவிடும் அமைப்பாளருக்கும் இத்தீர்ப்பு ஓர் எச்சரிக்கை.

சங்கத் தண்டனையும் நாட்டின் சட்டமும்

சங்கம் தடை விதித்துவிட்ட பின் குற்ற வழக்கும் தொடர்வது ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பதாகும் என்ற கருத்து விளையாட்டு வட்டாரங்களில் பரவலாக உண்டு. அரசமைப்பின் 20(2) பிரிவு தரும் காப்பு நீதிமன்றத்தில் நடந்த குற்ற விசாரணைக்கு மட்டுமே உரியது என்று 1953இல் மக்பூல் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியதால், அக்கருத்து சட்டத்தில் நிற்காது. ஒரு சங்கம் தன் உறுப்பினரை விலக்கி வைப்பது உறுப்புரிமை பற்றியது. உடலுக்கு விளைந்த தீங்கு நாட்டின் சட்டம் பற்றியது.

அதே வேளையில் சங்கங்களின் அதிகாரமும் கட்டற்றதன்று. 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில், கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின் 12ஆம் பிரிவின் பொருளில் அரசு அன்று என்று கூறிய உச்ச நீதிமன்றம், 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி திறந்திருப்பதையும் சுட்டியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் தோற்ற பாகிஸ்தான் வீரர்கள் 11 பேருக்குப் பரிசளிப்பு மேடை நடத்தைக்காக வாழ்நாள் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது, உடலைத் தாக்கிய செயலுக்கும் அமைப்பின் மதிப்பைக் குலைத்த செயலுக்கும் சங்கங்கள் தரும் எடை எவ்வளவு மாறுபடுகிறது என்பதற்குச் சான்று. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைக்கும் வழிசெய்துள்ளது. அக்கொள்கை காயத்தையும் உள்ளடக்கி வளர வேண்டியது காலத்தின் தேவை.

இழப்பீட்டின் வெற்றிடம்

பசுவந்தனைச் சாலையில் பேருந்து மோதிக் கால் முறிந்தவருக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமும் கட்டாயக் காப்பீடும் உள்ளன. அதே ஊர்ச் சிறுவனின் கால் ஆடுகளத்தில் அடித்து முறிக்கப்பட்டால், அவன் குடும்பம் நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞரை அமர்த்தி, ஆண்டுக்கணக்கில் உரிமையியல் வழக்கை நடத்த வேண்டும். அந்த வழி எவ்வளவு நீளமானது என்பதற்கு விளையாட்டுக்கு அண்மையான ஒரு வழக்கே சான்று. 1972இல் டெல்லியின் நட்சத்திர விடுதி ஒன்றின் நீச்சல்குளத்தில் குதித்துக் கடுங்காயமுற்ற ஜெர்மானிய விமானி கிளாஸ் மிட்டல்பாகெர்ட்டுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 1997இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆணையிட்டார். இடையில் 1985இலேயே அவர் இறந்துவிட்டிருந்தார். அவர் இறப்போடு வழக்குரிமையும் முடிந்தது என்று கூறி மேல்முறையீட்டில் அந்த ஆணை நீக்கப்பட்டது.

குற்றவியல் நடைமுறையில் ஓரளவு வழி உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவு, தண்டனை அளிக்கும்போதே இழப்பீடு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 396ஆம் பிரிவு மாநில அரசின் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வழிசெய்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், கனடாவின் நிபந்தனை விடுவிப்பைப் போலச் சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விடவும், அதனோடு இழப்பீடு கட்டச் செய்யவும் இடமளிக்கிறது. இளம் வீரர் ஒருவரின் வாழ்வைச் சிறையால் முறிக்காமலும், அடிபட்டவரை வெறுங்கையோடு அனுப்பாமலும் நீதி செய்ய இவ்விரு சட்டங்களும் போதும். ஆனால் முதல் தகவல் அறிக்கையே பதிவாகாத இடத்தில் இவை எதுவும் இயங்கத் தொடங்குவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, இந்தியச் சட்டத்தில் கோடு ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவு. நேர்மையான ஆட்டத்தின் காயத்தை அது மன்னிக்கிறது. முறைகேடான ஆட்டத்தின் காயத்தை மன்னிக்கவில்லை. குறை இருப்பது நடைமுறையில்தான். எனவே மாவட்டச் சங்கங்களும் போட்டி நடத்துவோரும் இன்றே செய்யக்கூடியவை நான்கு. கடுங்காயம் நேர்ந்த ஒவ்வொரு நிகழ்வையும் நடுவர் அன்றே எழுத்தில் பதிந்து, காயம்பட்டவரிடம் ஒரு படி தர வேண்டும். பிற்காலத்தில் எந்த மன்றத்திலும் அதுவே முதற்சான்று. பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாகப் பள்ளி மாணவருக்கு, காயக் காப்பீடு இல்லாத அணியைப் போட்டியில் சேர்க்கக் கூடாது. தடை விதிக்கும் குழு, தடைக்காலத்தோடு மருத்துவச் செலவையும் வருவாய் இழப்பையும் கணக்கிட்டு, தாக்கியவரும் அவரைப் பணியமர்த்திய நிறுவனமும் கட்டும்படி விதிகளைத் திருத்த வேண்டும். தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே அடித்த நிகழ்வைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அமைப்பாளரின் கடமையாக வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. போட்டி விதிகளில் சில வரிகளும், அவற்றை நடைமுறைப்படுத்தும் உறுதியும் போதும். கோவில்பட்டி போன்ற, ஹாக்கியால் வாழ்வு தேடும் ஊர் அவற்றை முதலில் ஏற்றால், பெரிய நகரங்களின் போட்டிகளுக்கும் அது முன்மாதிரியாகும். ஓராண்டுத் தடைக்குப் பின் தாக்கியவர் மீண்டும் ஆட வரலாம், வரவும் வேண்டும். ஆனால் அவரால் காயம்பட்டவர் அந்த ஓராண்டை யாருடைய செலவில் கடந்தார், மீண்டும் களத்துக்கு வர அவரால் முடிந்ததா என்பவற்றைக் கேட்காத எந்த ஒழுங்குமுறையும் நீதியில் பாதியைத்தான் செய்திருக்கிறது.